யாரை வைக்கிறது, யாரை விடுறது?

ஒரு ஆளுக்கு ஒரு பக்கம்தான் என்று சுவரிதழ்க் குழுவில் சொன்னார்கள். கெஞ்சிக் கேட்டு மூன்று பக்கம் வாங்கியிருக்கிறேன். ஃபுட்பால் கட்டுரைதானே என்று பாதியில் போய்விடாதீர்கள். போனாலும் பரவாயில்லை, ஒரே ஒரு ஆள் மட்டும் கடைசி வரை படிக்கணும். யார் என்று படிக்கும்போது தெரியும்.

அப்பாவுக்குத் திண்டிவனத்துக்கு மாற்றல் வந்தபோது, ஸ்கூலை மட்டும் மாத்த மாட்டேன் என்று நான் அடம் பிடித்தேன். அதனால் தினமும் காலையில் பாசஞ்சர் ரயில். திண்டிவனம், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம். தூங்கவும் முடியாது, படிக்கவும் முடியாது. பேசலாம். எங்கள் பெட்டியில் பேச்சு என்றால் ஒரே விஷயம்தான், சென்னையின் எஃப்.சி.

எங்கள் பெட்டியில் யாருக்கும் பெயர் கிடையாது, ஏறுகிற ஊர்தான் பெயர். மயிலத்தில் ஏறுபவர் மயிலம் அண்ணன், விழுப்புரத்தில் செல்போன் கடையில் வேலை. பேரணியில் ஏறுபவர் பேரணி மாமா. அவர் 2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கின நாளிலிருந்து பார்க்கிறவர். எலானோ அடித்த ஃப்ரீ கிக் பற்றிப் பேச ஆரம்பித்தால் ரயில் விழுப்புரம் போனாலும் இறங்க மாட்டார். விக்கிரவாண்டியில் ஏறுபவன் என் நண்பன். என் வகுப்புதான். எங்கள் ஸ்கூல் டீமின் லெஃப்ட் பேக்.

போன வருஷம், அதாவது 2025 ஜூனில் ஸ்கூல் திறந்தபோது ரயிலில் எல்லோரும் கடுப்பில் இருந்தார்கள். 2024-25 சீசனில் நம்ம டீம் 13 அணிகளில் 11-வது இடம். அடுத்து யாரை வைப்பார்கள், யாரை அனுப்புவார்கள் என்பதுதான் தினமும் சண்டை. கோச் ஓவன் காயிலும் அந்த வருஷம் கிளம்பிவிட்டார். செப்டம்பரில் தொடங்க வேண்டிய ஐ.எஸ்.எல். 2025-ல் தொடங்காமல் தள்ளிக்கொண்டே போனது. புது ஆட்டம் இல்லாததால் பழைய கணக்கையெல்லாம் தோண்டி எடுத்தோம்.

முதல் வழக்கு அனிருத் தாபா. டேராடூன் பையன். 2016-ல் 18 வயதில் சென்னைக்கு வந்தார். 7 சீசன் ஆடினார், கேப்டனும் ஆனார். 2023 கோடையில் மோகன் பகான் அணிக்குப் போய்விட்டார்.

"கேப்டன் பட்டையைக் கட்டிக்கினு இருந்தவன் போலாமா?" இது மயிலம் அண்ணன்.

"ஏன் போகக்கூடாது? நீ போன வருஷம் 1,500 ரூபா கூடக் கிடைக்குதுன்னு கடை மாறல?" இது பேரணி மாமா. பெட்டியே சிரித்தது. அண்ணன் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் மாமா கட்சி இல்லை. தாபாவை எப்படியாவது பிடித்து வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். ஆனால் மாமா ஒரு கேள்வி கேட்பார், அதற்கு என்னிடம் பதில் இருக்காது. "எல்லாரையும் பிடிச்சு வச்சா ஜெயிச்சிடுவியா? 2018 என்னாச்சு?"

தெரியாதவர்களுக்காக 2018 கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் மார்ச் 17-ம் தேதி பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் ஃபைனல். எதிரணி பெங்களூரு எஃப்.சி. அவங்க ஊர், அவங்க கூட்டம். 9-வது நிமிஷமே சுனில் சேத்ரி கோல் போட்டார். நம்ம மெயில்சன் ஆல்வெஸ் கார்னரில் எம்பி இரண்டு கோல் போட்டார், டிஃபெண்டர் அவர்! மூன்றாவது கோல் ரஃபேல் அகஸ்டோ. 3-2, கோப்பை நமக்கு. 2015-க்குப் பிறகு இரண்டாவது கோப்பை. அடுத்த சீசனிலும் அதே கோச் ஜான் கிரிகோரி. ஜெஜே இருந்தார், தாபா இருந்தார், மெயில்சன் இருந்தார், அகஸ்டோவும் இருந்தார். பெரும்பாலும் அதே முகங்கள்தான். 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம்! சாம்பியன் டீம் மறு வருஷமே கடைசி.

சரி, அப்போ ஆளை விட்டுவிட்டால் நல்லதா? அதுவும் இல்லை. 2019-20-ல் பாதியில் வந்த காயில், மூழ்கிக்கொண்டிருந்த டீமைத் தூக்கி ஃபைனல் வரை கொண்டுபோனார். கொரோனாவால் ஆளே இல்லாத கோவா ஸ்டேடியத்தில் நடந்த ஃபைனல் அது. ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றோம். அந்த சீசனில் 15 கோல் போட்ட வால்ஸ்கிஸும் காயிலும் அடுத்து ஜாம்ஷெட்பூருக்குப் போனார்கள். நமக்கு மறு சீசனில் 8-வது இடம்.

சாங்தே வழக்கு இன்னும் மோசம். மிசோரம்காரர், நம்மிடம் இருந்தபோது ஓடுவார், ஓடுவார், கோல் கம்பம் பக்கம் போனதும் பந்து எங்கேயோ பறக்கும். டிவி முன்னால் உட்கார்ந்து நானே திட்டியிருக்கிறேன், அப்போது ஏழாவது படித்தேன். 2022 ஜனவரியில் மும்பை சிட்டிக்குப் போனார். 2022-23-ல் லீக்கிலேயே சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். அதே கால், அதே ஆள். அவரை விட்டது தப்பா, இல்லை இங்கேயே இருந்திருந்தால் அப்படியே இருந்திருப்பாரா? இதற்கு முண்டியம்பாக்கம் வரை சண்டை போட்டும் முடிவு கிடைத்ததில்லை.

அந்த நாளில் ஒன்று நடந்தது. நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை, பிறகுதான் உறைத்தது.

பேரணி மாமா தன்பால் கணேஷ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வியாசர்பாடிக்காரர். நம்ம டீமில் நம்ம ஊர் ஆள் எங்கே என்று கேட்கிற எல்லோருக்கும் அவர்தான் பதில். 2018 கோப்பை டீமில் நடு மைதானத்தில் மாடு மாதிரி உழைத்தார். அடுத்த சீசன் தொடங்கும் முன்பே முட்டியில் அடி, அந்த சீசன் முழுக்க ஆட முடியவில்லை.

"முட்டி மட்டும் போகாம இருந்திருந்தா அந்தப் பையன் ரேஞ்சே வேற" என்றார் மாமா.

"முட்டி போச்சுன்னா அவ்ளோதானா மாமா?" என்று கேட்டான் என் நண்பன்.

"அப்புறம் யாருடா காத்துக்கினு இருப்பான்?" என்று மயிலம் அண்ணன் சொல்ல, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

என் நண்பனுக்கு 2025 பிப்ரவரியில் பிராக்டிஸில் விழுந்து இடது முட்டியில் அடி. ஜவ்வு லேசாகக் கிழிந்திருக்கிறது, நன்றாக ஆறும் வரை ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜூனில் வரும்போது நன்றாகத்தான் நடந்தான். லேசாக ஓடவும் செய்தான். ஆனால் திரும்பும்போது, இடது காலை ஊன்றித் திரும்பும்போது, ஒரு நொடி யோசிப்பான். லெஃப்ட் பேக்குக்கு அந்த ஒரு நொடி போதும், எதிரணி ஆள் தாண்டிப் போய்விடுவான்.

ஜூலையில் பி.இ.டி. சார் என்னைக் கூப்பிட்டார். நான்தான் டீம் கேப்டன். "குறுவட்டப் போட்டிக்கு 16 பேர். ஜெர்சியே 16-தான் இருக்கு. உனக்குத்தான் பசங்களைத் தெரியும், நீயே எழுதிக் கொடு, நான் பார்க்கிறேன்" என்றார்.

அன்று இரவு திண்டிவனத்தில் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதினேன். 15 பேர் பத்து நிமிஷத்தில் முடிந்தது. 16-வது பெயர் மட்டும் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு தம்பி லெஃப்ட் பேக்கில் நன்றாக ஆடிக்கொண்டிருந்தான். இவனை எழுதினால் அவன் வெளியே, அவனை எழுதினால் இவன் வெளியே. ரயிலில் ஒரு நாளைக்குப் பத்துப் பேரைச் சர்வ சாதாரணமாக டீமை விட்டு அனுப்புகிறவன் நான்! "அவனைத் தூக்கு, இவனை வை" என்று மயிலம் வருவதற்குள் மூன்று பேரை முடித்துவிடுவேன். ஒரு பெயருக்கு அன்று மணி பதினொன்று ஆகிவிட்டது. கடைசியில் தம்பி பெயரை எழுதினேன்.

அது சரியான முடிவு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதற்கு நான் வருத்தப்படவில்லை. பெருந்திட்ட வளாக மைதானத்தில் நடந்த ஆட்டங்களில் தம்பி நன்றாகவே ஆடினான். அரையிறுதி வரை போய் பெனால்டியில் தோற்றோம், அது தம்பி தப்பு இல்லை. நானே ஒரு பெனால்டியை வெளியே அடித்தேன், எல்லோருக்கும் தெரியும்.

நான் செய்த தப்பு வேறு. வியாழக்கிழமை சாரிடம் பேப்பரைக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை ரயிலில் அவன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தான். விக்கிரவாண்டியிலிருந்து விழுப்புரம் வரை நேரம் இருந்தது. நான் வால்ஸ்கிஸ் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன். ஜாம்ஷெட்பூர் போனவர் 2022 ஜனவரியில் நம்மிடமே திரும்பி வந்தாரே, அது சரியா தவறா என்று. அவனும் பேசினான். புது ஸ்டட்ஸ் வாங்க அவங்க அம்மா பணம் தருவதாகச் சொன்னாங்க என்றும் சொன்னான். அப்போதாவது சொல்லியிருக்கணும். "வாங்கேன்டா" என்றேன்.

திங்கட்கிழமை சார் என் பேப்பரையே நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார். என் கையெழுத்து. இந்தச் சார்ட்டில் இருக்கிற இதே கையெழுத்து.

அவன் ரொம்ப நேரம் நின்று பார்த்தான். அப்புறம் என்னிடம் வந்தான். கோபப்படவில்லை. "முட்டியாலயா, இல்ல நான் நல்லா ஆடலையா? அது மட்டும் சொல்லுடா" என்றான்.

நான் சொன்னது: "எனக்குத் தெரியாதுடா. சார் சொன்ன பேரைத்தான் எழுதினேன்."

ஐ.எஸ்.எல்.லில் ஒரு ஆளை அனுப்பும்போது கிளப்காரர்கள் அவர் படம் போட்டு 'நன்றி' என்று ஒரு போஸ்டர் போடுவார்கள். அதைப் பார்த்து ரயிலில் அதிகமாக நக்கல் அடிப்பது நான்தான். "7 வருஷம் உழைச்சவனுக்கு ஒரு போஸ்டரா?" என்பேன். என் நண்பன் ஆறாம் வகுப்பிலிருந்து என் இடது பக்கம் ஆடினவன். நான் நடுவில் பந்தை விட்டால் பின்னால் அவன் இருப்பான் என்று தெரியும், அதனால்தான் எனக்குத் தைரியமாக ஆட வந்தது. அவனுக்கு நான் அந்தப் போஸ்டர் கூடப் போடவில்லை. பொய் சொன்னேன்.

பி.இ.டி. சார், இதைப் படிக்கிறீர்கள் என்றால் மன்னிக்கணும். உங்கள் மேல் பழி போட்டேன். அவன் அதற்கப்புறம் உங்களுக்கு வணக்கம் வைக்காமல் போனதற்கு நான்தான் காரணம்.

இப்போது அவனுக்கு. மச்சி, நான்தான் எழுதினேன். சார் சொல்லவில்லை. நீ நல்லா ஆடாததால் இல்லை, முட்டியால்தான். இடது பக்கம் திரும்பும்போது நீ யோசிக்கிறாய், அதைப் பார்த்தேன், அதனால் எழுதினேன். இதை அந்த வெள்ளிக்கிழமை ரயிலிலேயே சொல்லியிருக்கணும், வாய் வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு அவன் எங்கள் பெட்டியில் ஏறுவதில்லை. விக்கிரவாண்டியில் ரயில் நின்றதும் நாங்கள் எட்டிப் பார்ப்போம், அவன் அடுத்த பெட்டியில் ஏறுவான். "என்னடா சண்டையா?" என்று மாமா இரண்டு தடவை கேட்டார். இல்லை என்றேன்.

போன மாதம் ஒரு நாள் நல்ல மழை. ரயில் கிளம்பிவிட்டதால் அவன் ஓடி வந்து எங்கள் பெட்டியிலேயே தொற்றினான். ஓடி வந்தான், அதைக் கவனித்தேன், கால் நன்றாக இருக்கிறது. கதவு பக்கமே நின்றுகொண்டான். உள்ளே மயிலம் அண்ணன், 2018 ஃபைனலில் மெயில்சன் போட்டது ஒன்று தலையால், ஒன்று காலால் என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். "ரெண்டுமே தலையாலதாண்ணே" என்று கதவு பக்கத்திலிருந்து குரல் வந்தது. அவ்வளவுதான். மறுபடி வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

என் பக்கத்து இடத்தில் விக்கிரவாண்டி வரை தினமும் என் பையை வைத்திருக்கிறேன். பேரணி மாமா உட்காரப் பார்ப்பார், விடுவதில்லை. இந்த வருஷ டீமுக்கு சார் இன்னும் பெயர் கேட்கவில்லை.