எதிர்பாராத முதல் காய்



காவிரி நாட்டுக்குச் சதுரங்கம் புதிதன்று. மன்னார்குடிக்கு அருகே திருப்பூவனூரில் கோயில் கொண்ட இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்றே பெயர். அப்பேர்ப்பட்ட நாட்டில் பிறந்த நாங்கள் இருவர், திருப்பனந்தாளிலிருந்து கும்பகோணத்துக்குப் பேருந்து ஏறிப் போய், கால் மணி நேரத்தில் தோற்றுத் திரும்பிய கதையை இம்மலரில் எழுதத் துணிந்திருக்கிறோம். ஆடியது எங்களில் ஒருத்திதான். யார் என்று சொல்லமாட்டோம். ஒரே நோட்டில் படித்து ஒரே பலகையில் பழகியவர்களுக்குத் தோல்வியும் பொதுதானே!

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராஜாவின் முன் நிற்கும் சிப்பாயை எதிரி நகர்த்தினால் இன்ன பதில், ராணியின் முன் நிற்பதை நகர்த்தினால் இன்ன பதில் என்று நாற்பது பக்கம் எழுதி, வாய்ப்பாடுபோல் மனப்பாடம் செய்திருந்தோம்.

போட்டியில் எதிரே அமர்ந்தவள் எங்களைவிடச் சிறியவள். வெள்ளைக் காய் அவளுக்கு. ராஜா பக்கத்துக் குதிரையின் முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டு, கைகட்டி உட்கார்ந்தாள். எங்கள் நோட்டில் அந்த நகர்த்தலே இல்லை! முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, ‘இவளுக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டும்’ என்ற எண்ணம் வந்தது.

ராணியின் சிப்பாயை நடுவுக்கு இரண்டு கட்டம் விட்டோம். அதுவரை சரிதான். எங்கள் மந்திரிக்கு வழி திறந்தது. அவளுடைய சிப்பாய் காவலின்றி அகப்பட்டது. அவளோ அதைக் காக்காமல், சிப்பாய் விட்டுப்போன கட்டத்தில் தன் மந்திரியை வைத்தாள். நாங்கள் பாய்ந்து சிப்பாயை வெட்டினோம். அவள் மறுபக்கத்து மந்திரியின் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே விட்டாள். நடுவில் நின்ற எங்கள் சிப்பாயால் அதையும் வெட்டினோம். இரண்டு சிப்பாய் லாபம் என்று மகிழ்ந்த நொடியில், அவள் மந்திரி குறுக்கே பறந்து வந்து, எங்கள் சிப்பாய் ஒன்றை வீழ்த்தி, மூலையில் நின்ற யானையைக் குறிவைத்தது. யானைக்கு நகர இடமில்லை. நடுச் சிப்பாய் அசையாமல் நின்றிருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும். பேராசையால் நாங்களே கதவைத் திறந்துவிட்டோம். அதன்பின் கை நடுங்கியது, ஆட்டமும் முடிந்தது.

அன்றிரவே நோட்டைப் பரண்மேல் எறிந்தோம். மறுநாள், குழுவிலிருந்து விலகிக்கொள்வதாகக் கணிதம் கற்பிக்கும் அருட்சகோதரியிடம் சொன்னோம். அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. கரும்பலகையில் நெடுக்கே பத்தொன்பது, குறுக்கே பத்தொன்பது கோடுகள் இழுத்தார்கள்.

“இது கோ என்னும் ஆட்டம். சீனாவில் தோன்றி ஜப்பானில் செழித்தது. கோடுகள் கூடும் இடம் 361. கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் மாறி மாறி வைத்து நிலம் வளைக்க வேண்டும். பலகையின் ஓரம் ஆற்றங்கரை மாதிரி. மூலை நிலத்துக்கு எத்தனை பக்கம் வரப்புப் போட வேண்டும்?”

“இரண்டு பக்கம், சிஸ்டர். மற்ற இரண்டும் கரைதானே.”

“நடுவில்?”

“நாலு பக்கமும்.”

“அதனால்தான் எல்லாரும் மூலையில் தொடங்குவார்கள். ஆனால் 1933 அக்டோபரில் கோ செய்கென் என்ற பத்தொன்பது வயது இளைஞர், ஹொன்இன்போ ஷூசாய் என்ற பேராசானுக்கு எதிரே தம் மூன்றாவது கல்லைப் பலகையின் நட்டநடுவில் வைத்தார். வேண்டும்போது ஆட்டத்தை நிறுத்திவைக்கும் உரிமை பெரியவருக்கு இருந்தது. ஆட்டம் 1934 ஜனவரி வரை நீண்டது. ஷூசாய் இரண்டே புள்ளியில் வென்றார்.”

“அப்படியானால் நடுக்கல் தவறா, சிஸ்டர்?”

“இரண்டே புள்ளியில் முடிந்ததை எப்படித் தவறென்பது? விநோதம் வேறு, தவறு வேறு. விநோதமாக இருக்கிறதே என்று அடிக்கப் போகாதீர்கள். இரண்டே கேள்வி கேளுங்கள்: இதனால் எதிராளி பெற்றது என்ன? விட்டது என்ன?”

எங்கள் ஆட்டத்தை அப்படிக் கேட்டுப் பார்த்தோம். அந்தச் சிறுமி பெற்றது, மந்திரிக்கு ஒரு நீண்ட குறுக்குவழி. விட்டது, ராஜா பக்கத்துக் காவல். எங்கள் மந்திரிச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி நடுச் சிப்பாய்க்குத் துணை வைத்திருந்தால் அந்த வழி அடைபட்டே இருந்திருக்கும். தண்டனையை நிதானமாகப் பிறகு பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இது பெரிய ஆட்டக்காரர்களுக்கும் நேர்வதே. ராஜாவின் சிப்பாயையே பெரும்பாலும் முதலில் நகர்த்திவந்த நம் விசுவநாதன் ஆனந்த், 2008இல் ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக்குக்கு எதிரே ராணியின் சிப்பாயை முன்னே விட்டார். 6½–4½ என்று வென்று உலகப் பட்டத்தைக் காத்துக்கொண்டார். 2024 நவம்பர் 25 அன்று சிங்கப்பூரில், உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே டிங் லிரென் பிரெஞ்சுத் தற்காப்பை ஆட, சென்னை குகேஷ் 42 நகர்த்தலில் தோற்றார். அவர் பலகையைப் பரண்மேல் எறியவில்லை. மூன்றாம் ஆட்டத்தில் வென்று சமன் செய்தார். டிசம்பர் 12 அன்று, பதினெட்டு வயதில், உலக வாகையர் ஆனார்.

நாங்களும் நோட்டைப் பரணிலிருந்து இறக்கினோம். முதல் பக்கத்தில் அருட்சகோதரியின் இரண்டு கேள்விகளையும் எழுதினோம். இவ்வாண்டும் அதே சிறுமியே எதிரே வந்தாள். இம்முறை பலகையின் ஓரச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கேள்வி இரண்டையும் மனத்துள் கேட்ட பிறகே காயைத் தொட்டோம். இரண்டு மணி நேர ஆட்டம் சமனில் முடிந்தது. பேருந்தில் திரும்பும்போது வெற்றி பெற்றவர்களைப்போல் பேசிக்கொண்டே வந்தோம்.

மேட்டூர் அணை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். தண்ணீர் பிந்தும் ஆண்டில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏரைப் பரணில் போடுவதில்லை. இந்த ஆண்டுக்கு எந்த நெல் ஏற்கும் என்று உட்கார்ந்து யோசிக்கிறார்கள். தோழியரே, தேர்வில் புத்தகத்தில் இல்லாத கேள்வி வரும். வாழ்விலும் வரும். அப்போது சிரிக்கவும் வேண்டாம், சீறவும் வேண்டாம். ஒரு நிமிடம் கைகளை மடியில் வையுங்கள்.

— பதினோராம் வகுப்பு மாணவியர் இருவர்