கோபுரத்தின் அடியில் தங்கும் தார்

விழுப்புரத்தை அடுத்த காணையில் ஒரு தெருவுக்குத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய இயந்திரம் நுழையாத இடம். ரோலரைத் தவிர எல்லாம் கைவேலை. இரண்டு பெண்கள் தென்னந்துடைப்பத்தால் தூசியைத் தள்ளிக்கொண்டே போக, பின்னாலேயே ஒருவர் தார் தெளித்தார். சூடான ஜல்லிக் கலவை பாண்டு பாண்டாக வந்து விழுந்தது. வாரியால் இழுத்து மட்டம் செய்கிறவரின் கையில்தான் வேலையின் தரமே இருக்கிறது.

"சூடு இருக்கும்போதே இழுத்துடணும் சார். ஆறிட்டா கல்லு" என்றார், நிமிராமலே.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 150 டிகிரி செல்சியஸ் அளவில் தயாராகும் கலவை 90 டிகிரிக்கு இறங்குவதற்குள் ரோலர் ஓடி முடிய வேண்டும். அங்கே வெப்பமானி எதையும் நான் பார்க்கவில்லை. புகையையும் வாரி இழுபடும் விதத்தையும் வைத்தே அவர் சூட்டை அறிகிறார்.

கச்சா எண்ணெயில் எல்லாம் போக மிஞ்சுவது இந்தத் தார். மணலியில் 1969இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனோடு இயங்கத் தொடங்கியது. இன்று சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்ற பெயரில் அதன் திறன் 105 லட்சம் டன். கப்பலில் வரும் எண்ணெயிலிருந்து முதலில் உப்பையும் நீரையும் நீக்குவார்கள். பிறகு ஏறக்குறைய 350 டிகிரிக்குக் காய்ச்சி உயரமான கோபுரத்துக்குள் விடுவார்கள். ஆவி மேலே ஏற ஏறக் குளிரும். ஒவ்வொன்றும் தன் கொதிநிலைக்கேற்ற உயரத்தில் திரவமாகித் தட்டுகளில் தங்கும். டீசல் கீழே, மண்ணெண்ணெய் அதற்கு மேலே. பெட்ரோலுக்கு மூலமான நாஃப்தாவும் எரிவாயுவும் உச்சி வழியே வெளியேறும். அடியில் தங்கும் கசடை வரம்பு மீறிச் சூடாக்கினால் மூலக்கூறுகள் உடைந்து கரி படியும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் என்பதால், வெற்றிடக் கோபுரத்தில் அதை மறுபடி வடிக்கிறார்கள். அப்போதும் ஆவியாகாமல் நிற்பதுதான் தார்.

ஆலையில் இத்தனையும் மூடிய குழாய்களுக்குள் நடக்கிறது. காணையில் அதே பொருள் மனிதர்களின் காலடியில் புகைகிறது.

வாரிக்காரர் பக்கத்தில் பழைய பெயிண்ட் டப்பா ஒன்றில் டீசல். தார் ஒட்டாமல் இருக்க வாரியை அதில் முக்கி முக்கி எடுக்கிறார். இரண்டும் ஒரே எண்ணெயிலிருந்து வந்தவை; டீசலில் தார் கரைந்துவிடும். வேலை முடிந்ததும் கைகால்களையும் அதிலேயே துடைத்துக்கொள்கிறார்கள். தோலுக்கு ஆகாது என்று தெரியாமல் இல்லை. வெறும் சோப்புக்குத் தார் போகாதே!

அவருக்காவது ரப்பர் பூட்ஸ் இருந்தது. பாண்டு தூக்கும் பெண்களுக்குச் செருப்பும் சாக்குத் துணியும்தான். ஒரு அக்காவின் முன்கையில் பழைய தழும்பு. "ஒரு சொட்டுதான் தெறிச்சுது. பிச்சி எடுத்தேன், தோலோட வந்துடுச்சு" என்றார்.

பூட்ஸும் கையுறையும் ஒப்பந்தத் தாளில் இருந்தால் மட்டும் போதாது. சாலையின் தடிமனை அளக்க வரும் அதிகாரி அவற்றையும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். உங்கள் தெருவில் தார் போடும்போது யார் மேலாவது பட்டுவிட்டால், பிய்த்து எடுக்க விடாதீர்கள். குறைந்தது 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, ஒட்டிய தாரோடேயே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.