நிற்க மறுத்த சட்டம்

தங்கை ராவாங்கில் வீடு வாங்கியதும் அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார்: "சாமி மேடை நான் செஞ்சு தர்றேன்மா. ஒரு ஆணி இருக்காது." மூவார் தளவாடப் பட்டறையில் முப்பது ஆண்டுகள் உளி பிடித்தவர். ஆனால் போன வருடம் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை அவர் சொன்னபடி கேட்பதில்லை. பெயர்ப்பலகை வெட்ட நான் வாங்கி, கார் நிறுத்துமிடத்தில் வைத்திருந்த சிஎன்சி ரவுட்டர் மீது எல்லார் கண்ணும் விழுந்தது.

மரம் சாதாரணமானதல்ல. தோட்டத்தில் பாட்டி இருந்த வீட்டை இடித்தபோது அப்பா சுமந்து வந்த செங்கால் நிலைச்சட்டம். வீணானால் இன்னொன்று கிடையாது.

இந்த இயந்திரத்துக்குக் கட்டை படுத்துக் கிடக்க வேண்டும். அதனால் கால்களில் குழி வெட்டுவது சுலபம். குறுக்குச் சட்டத்தின் நுனியில் நாக்கு வெட்ட வேண்டுமானால் சட்டம் செங்குத்தாக நிற்க வேண்டுமே! அதைப் பிடித்துக்கொள்ள இயந்திரத்தில் எதுவுமில்லை. இரண்டு ஜி-கிளாம்ப் போதும் என்று முன்விளிம்பில் வைத்து இறுக்கினேன். பாதி வெட்டில் சட்டம் நழுவியது. பிட் 'டக்'கென்று முறிந்து, நுனி சிதைந்துபோனது. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த சனிக்கிழமை ஹார்ட்வேர் கடையில் மரவேலை வைஸ் ஒன்று வாங்கினேன். மேசைப் பலகையைப் பின்னால் தள்ளி, முன்னால் கிடைத்த இடைவெளியில் அதைப் போல்ட் போட்டு மாட்டினேன். பிட் இடிக்காதபடி இரும்புத் தாடை நன்றாகத் தாழ்ந்திருக்க வேண்டும். டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் 60 மில்லிமீட்டர் ஏறுவதற்குள் முள் 0.3 காட்டியது. காலி டின்னை வெட்டித் தகடாக்கி அடியில் செருகி, கழற்றி, மறுபடி செருகி... சாயங்காலம் ஆகிவிட்டது.

அப்பா மெல்ல நடந்து வந்தார். "தாடைக்கு மரம் போட்டியா, தம்பி? இரும்பு நேரா கடிச்சா தழும்பு விழும்."

போடவில்லை. அன்றிரவே ஒட்டுப்பலகையில் இரண்டு துண்டு வெட்டித் திருகினேன். கூடவே பக்கவாட்டில் ஒரு நிறுத்தக் கட்டை. எந்தச் சட்டத்தை வைத்தாலும் அதே இடத்தில் நிற்கும். ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டியதில்லை. நான்கு சட்டங்கள், எட்டு நுனிகள். தடவைக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் இறக்கினேன். எட்டு நாக்கும் ஒரே அளவில் வந்தன.

இன்னொரு சிக்கல். பிட் உருண்டை என்பதால் குழியின் மூலைகள் வளைந்தே இருக்கும். நாக்கின் ஓரத்தையும் கணினியில் வளைத்துவிடலாம் என்றேன். அப்பா தலையை ஆட்டி உளியைக் கேட்டார்.

எட்டுக் குழி, முப்பத்திரண்டு மூலை. இடது கையால் உளியைப் பிடித்து, வலது கையை அதன்மேல் சாய்த்துக்கொண்டார். கொட்டாப்புளியால் அடித்தது நான். "மெதுவா... இன்னும் மெதுவா." இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

சிதைந்த நுனியை அறுத்து, அதன் ஜோடியையும் சமமாக்கியதில் மேடையின் ஆழம் 4 சென்டிமீட்டர் குறைந்துவிட்டது. தங்கை அதைக் கவனித்துக் கேட்டாள்.

"உன் வீட்டு மூலைக்கு அளந்துதான் செஞ்சோம்" என்றார் அப்பா, என் பக்கம் திரும்பாமல்.