சியோலில் ஒரு அட்டை வண்டி

ஆபீஸ் டிரெயினிங்குக்காக 2025 அக்டோபரில் பத்து நாள் சியோல். முதல் நாளே ஒரு காபிக்கு 5,000 வோன் அழுதேன். மனசு உடனே கணக்குப் போட்டது... முந்நூறு ரூபாய்! (வெளிநாட்டில் ரூபாய்க் கணக்குப் போட்டால் பட்டினிதான் என்று அனுபவஸ்தர்கள் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.)

மறுநாள் காலை ஜோங்னோ பக்கம் நடை. கண்ணாடிக் கட்டடங்கள், அரக்கப்பரக்க ஓடும் டை கட்டிய பையன்கள். நடுவே முதுகு வளைந்த ஒரு பாட்டி, வண்டி நிறைய அட்டைப் பெட்டிகளை அடுக்கி இழுத்துக்கொண்டு போனார். எண்பது வயசு இருக்கும். நடைபாதை விளிம்பில் சக்கரம் சிக்க, நானும் ஒரு கை கொடுத்தேன். பாட்டி ஏதோ சொன்னார். வாழ்த்தா, திட்டா... இன்றுவரை தெரியாது.

"இதுக்கு எவ்வளவு கிடைக்கும்?" கூட வந்த கொரிய நண்பரைக் கேட்டேன்.

"கிலோவுக்கு நூறு வோன் பக்கம்."

ஆறு ரூபாய்! நம்ம தெரு பழைய பேப்பர்க்காரர் தேவலை.

"கவர்ன்மெண்ட் ஒண்ணும் தராதா?"

"தருதே! 2014-ல மாசம் 2 லட்சம் வோன். இப்ப அதிகபட்சம் 3 லட்சத்து 42 ஆயிரம்."

மறுபடி கணக்கு. இருபதாயிரம் ரூபாய்! நம்ம ஊரில் பி.காம். முடித்த பையன் அந்தச் சம்பளத்துக்கு இண்டர்வியூ வாசலில் நிற்கிறான். அப்புறம் பாட்டி எப்படி ஏழை?

நண்பர் சிரித்தார். "அவங்க வாடகை குடுக்கறது சியோல்ல. உங்க ஊர்ல இல்லையே!"

எல்லோரையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் ஒருத்தர் வருவார் இல்லையா? அவர் வருமானத்தில் பாதிகூட இல்லாதவர் ஏழை. ஓ.இ.சி.டி. போடுகிற கோடு இது. நடு ஆள் ஏற ஏற, கோடும் ஏறும். 1960-ல் தென்கொரியாவின் தலா வருமானம் வருஷத்துக்குச் சுமார் 160 டாலர். இன்று 30,000-க்கு மேல். கோடு ராக்கெட்டாகப் போய்விட்டது. பாட்டியால் கூடவே ஏற முடியவில்லை.

தேசிய பென்ஷன் திட்டம் 1988-ல்தான் ஆரம்பம். நகரத்து சுயதொழில்காரர்களை எட்டியபோது 1999. அதற்குள் பாட்டி தலைமுறை உழைத்து ஓய்ந்தாச்சு. சம்பாத்தியமெல்லாம் பிள்ளைகள் படிப்புக்கு. அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை. (எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா?) 2020 கணக்குப்படி 66 வயசும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 40 பேர் கோட்டுக்குக் கீழே. ஓ.இ.சி.டி. சராசரி 14. பத்து வருஷம் முன்னால் கிட்டத்தட்ட பாதிப் பேராம். அந்த வகையில் இது முன்னேற்றம்தான்.

ராத்திரி ஊருக்குப் போன் போட்டேன். அம்மாவுக்கு நான் மாசாமாசம் அனுப்புவது மூவாயிரம். 2019-லிருந்து அதே மூவாயிரம். என் சம்பளம் மட்டும் இரண்டு தடவை ஏறியிருக்கிறது.

"பணம் போதுதாம்மா?"

"எனக்கென்னடா பெரிய செலவு... போதும், போதும்."

கேஸ் சிலிண்டர் இப்போது என்ன விலை என்று கேட்டேன். சொன்னாள்.