குருவிக் கதைக்குப் பிறகு

செப்டம்பர் 7, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது மணிக்கூண்டுப் பக்கம் வாசகர் வட்டத் தம்பி பிடித்துக்கொண்டார். "டீச்சர், பதினொண்ணாந் தேதி பாரதி நினைவு நாள். நீங்க பத்து நிமிஷம் பேசணும்." பாரதியின் மனைவி செல்லம்மாவைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "தாராளமா. அந்தக் குருவிக்கு அரிசி போட்ட கதையைச் சொல்லிடுங்க, சனங்களுக்குப் புடிக்கும்."

சனங்களுக்குப் பிடிக்கும்தான். வீட்டில் இருந்த அரிசியைக் கவிஞர் முற்றத்துக் குருவிகளுக்கு இறைத்துவிட்டுப் பாடினார் என்று கதை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அன்றைக்கு உலை எப்படிக் கொதித்தது என்று ஒரு மேடையிலும் கேட்டதில்லை.

செப்டம்பர் 8

இரவு வெகுநேரம் குறிப்பெடுத்தேன். செல்லம்மா பிறந்தது 1890-ல், கடையத்தில். கல்யாணம் 1897-ல். பெண்ணுக்கு ஏழு வயது, மாப்பிள்ளைக்குப் பதினான்கு. 1904-ல் தங்கம்மாள். 1908-ல் 'இந்தியா' பத்திரிகை மீது அரசாங்கம் பாய்ந்தபோது பாரதி தப்பிப் புதுச்சேரிக்கு வந்துவிட்டார். அந்த ஆண்டுதான் சகுந்தலாவும் பிறந்தாள். கைக்குழந்தையும் நாலு வயதுப் பெண்ணுமாகப் பின்னாலேயே பிரெஞ்சு எல்லைக்குள் வந்தபோது செல்லம்மாவுக்கு வயது பதினெட்டுதான்.

பதினெட்டு. நான் அந்த வயதில் டீச்சர் டிரெயினிங் விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாமல் அப்பாவிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

'இந்தியா' 1910-ல் நின்றது. நின்றது என்று ஒரு சொல்லில் எழுதிவிடுகிறோம். சம்பளம் நின்றது, தபாலை வழியிலேயே பிரித்துப் படித்தார்கள், வாசலில் ரகசியப் போலீஸ் உட்கார்ந்திருந்தது. அந்த வாசலைத் தாண்டித்தான் இந்தப் பெண் கைமாற்று கேட்கப் போக வேண்டும். மண்டயம் சீனிவாசாச்சாரியார் குடும்பம், வ.வே.சு. ஐயர் குடும்பம் எல்லாம் அக்கம்பக்கம் இருந்தன. ஊர்விட்டு வந்த வீடுகளில் ஒன்றுக்கொன்று அரிசி பருப்பு போய்வந்ததால்தான் அந்தப் பத்து வருஷம் ஓடியது. அரசியல் வரலாற்றில் இதற்குப் பக்கம் ஒதுக்குவதில்லை. ஆச்சாரியாரின் மகள் யதுகிரி எழுதிய நினைவுகளைப் படித்தால் கொஞ்சம் தெரியும்.

செப்டம்பர் 9

காலையில் காந்தி வீதி வழியாக நடந்தே ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவுக்குப் போனேன். பாரதி குடியிருந்த வீடு இப்போது நினைவில்லம். படங்கள், கையெழுத்துப் பிரதிகள், புத்தகங்கள். என் கண் அடுப்படி எங்கே இருந்திருக்கும் என்றே தேடியது.

வரும் வழியில் யோசித்தேன். எங்கள் முத்தியால்பேட்டைக்காரர்களுக்குப் பாரதி என்றால் தோப்புதான். கிருஷ்ணசாமி செட்டியார் என்ற இளைஞர் இங்கே நெசவுத் தொழில் நடத்தியவர், கவிஞருக்குப் பணமும் கொடுத்தவர். அவருடைய மாந்தோப்பில்தான் குயில் பாட்டு பிறந்தது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பாட்டு கவிஞர் இருக்கும்வரை புத்தகமாகவில்லை. தோப்பில் பிறந்தவை காகிதமாக வீட்டில் கிடந்தன. அந்த வீட்டை ஒழுங்காக வைத்திருந்தது யார்?

இன்னொன்று. 1916 நவம்பரில் புதுச்சேரியை ஒரு பெரும்புயல் அடித்தது. நள வருஷம் கார்த்திகை எட்டு, புதன்கிழமை இரவு என்று தேதி போட்டே பாரதி பாடியிருக்கிறார். அந்தப் பாட்டை ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதாக அமைத்தார். காற்றில் முதலில் கண்விழித்து எழுப்புகிறவள் மனைவி. முந்தைய நாள்வரை இருந்த வீட்டிலேயே இருந்திருந்தால் என்ன கதி என்று திகைக்கிறவளும் அவள்தான். வீடு மாறியது நிஜமாகவே நடந்தது. குழந்தைகளோடு சாமான் செட்டை மூட்டை கட்டி வீடு மாற்றும் வேலை எந்த வீட்டிலும் யார் தலையில் விழும் என்பது நமக்குத் தெரியும். காதலிக்குக் கண்ணம்மா என்று பெயர் வைத்துப் பாடினவர், புயலிரவில் ஒரு சாதாரண வீட்டுக்காரியின் குரலைக் கேட்டு எழுதினாரே, எனக்கு அந்தப் பாட்டுதான் உசத்தி.

செப்டம்பர் 10

பக்கத்து வீட்டு ஆயா, தறிக்காரர் வீட்டுப் பெண், எண்பது இருக்கும். நாளை என்ன பேசப் போகிறாய் என்று கேட்டார். சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அவரு போனப்புறம் அந்தம்மா சோத்துக்கு என்னாம்மா பண்ணிச்சி?" என்றார்.

இதுதான் கேள்வி. இதற்கு விடை சொல்லாத கூட்டம் எதற்கு?

1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் பாரதியைக் கைது செய்தார்கள். சில வாரத்தில் விடுதலை, பிறகு கடையம், பிறகு சென்னை, சுதேசமித்திரன் வேலை. 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணி வீட்டில் மரணம். பதினொன்றா பன்னிரண்டா என்று இன்னமும் தேதிச் சண்டை போடுகிறோம், நள்ளிரவு தாண்டிப் போனதால். செல்லம்மாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது.

அவர் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்துவிடவில்லை. மறு வருஷமே, 1922-ல், 'பாரதி ஆசிரமம்' என்று ஒரு பதிப்பகம் வைத்து, உதவி கேட்டுத் தமிழ் மக்களுக்கு வேண்டுகோள் விடுத்து, சுதேச கீதங்களை அச்சிட்டார். தமிழில் பெண் பதிப்பாளர்கள் எத்தனை பேர் அன்று? காசு போதவில்லை, முயற்சி நீடிக்கவில்லை. பிறகு பாரதியின் தம்பி விசுவநாதனும் மற்றவர்களும் பாரதி பிரசுராலயம் தொடங்கினார்கள். 1928-ல் அரசாங்கம் பாரதியின் தேசப் பாடல் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. சத்தியமூர்த்தி சட்டசபையில் அதை எதிர்த்துப் பேசினார். அந்தப் புத்தகங்களுக்கு முதல் கல்லை எடுத்து வைத்தது இந்த விதவைப் பெண் என்பது அங்கே எத்தனை பேருக்கு நினைவிருந்ததோ.

1941-ல், மகள் தங்கம்மாளின் எழுத்துத் துணையோடு, 'பாரதியார் சரித்திரம்' என்று கணவரின் வரலாற்றை வெளியிட்டார். 1951-ல் திருச்சி வானொலியில் 'என் கணவர்' என்று பேசினார். குருவிக் கதையே நமக்கு அவர் வாயிலிருந்து வந்ததுதான். சொன்னவரை விட்டுவிட்டுக் கதையை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

1949-ல் ஓமந்தூரார் ஆட்சியில் பாரதி பாடல்கள் பொதுவுடைமையாயின. அதற்குமுன் எழுத்தாளர்கள் சிலர் திருநெல்வேலிக்கே போய்ச் செல்லம்மாவின் சம்மதத்தைக் கேட்டு வாங்கினார்கள். அவருக்கும் இரண்டு மகள்களுக்கும் அரசு தலா 5,000 ரூபாய் கொடுத்தது. இன்று சினிமாக்காரர் முதல் பள்ளிக்கூட ஆண்டு விழா வரை யாரையும் கேட்காமல் பாடுகிறோமே, அந்தச் சுதந்திரத்தில் இவருடைய கையெழுத்தும் இருக்கிறது.

ஆயா, சோற்றுக்கு இதுதான் பண்ணினார். போதவில்லை என்பதும் உண்மை.

செப்டம்பர் 11

பேசிவிட்டு வந்தேன். பத்து நிமிஷம் இருபதாயிற்று. குருவியைச் சொல்லவில்லை. தம்பிக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது, பரவாயில்லை.

கேள்வி நேரத்தில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து, "அவங்க எப்ப இறந்தாங்க மேடம்? அந்த நாளுக்குக் கூட்டம் உண்டா?" என்றாள். 1955 என்றேன். கடைசிக் காலத்தில் திருச்சிக் கவிஞர் திருலோக சீதாராம் மகனைப் போல உடனிருந்தார், அவர் மடியிலேயே உயிர் பிரிந்தது என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். கூட்டம் நான் அறிந்து இல்லை. கடையத்தில் 2022-ல் பாரதிக்கும் செல்லம்மாவுக்கும் சேர்த்துச் சிலை வைத்து, அங்கே ஒரு கற்றல் மையத்துக்குச் செல்லம்மாவின் பெயரையும் வைத்திருக்கிறார்கள். பிறந்த ஊர் தன் கடமையைக் கொஞ்சம் செய்துவிட்டது. பத்து வருஷம் அவரைப் பட்டினி போட்ட எங்கள் ஊர் இன்னும் செய்யவில்லை.

இதைப் படிக்கிற முத்தியால்பேட்டைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நூலகம் போகும்போது செல்லம்மா பாரதியின் 'பாரதியார் சரித்திரம்' இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.