நிழலும் ஈரமும்: மும்பையில் புதர் ரோஜா

புதர் ரோஜா என்பது, நீண்ட காம்பில் ஒற்றைப் பெரும்பூ தரும் ஹைப்ரிட் டீ ரோஜாவைப் போலன்றி, அடியிலிருந்தே பல தண்டுகளாகக் கிளைத்துக் கொத்தாகப் பூக்கும் செடியாகும். ஹைப்ரிட் டீ ரோஜாவுக்கு நாளுக்கு 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும். புதர் ரோஜாவில் சில வகைகள் 4 மணி நேரத்திலும் பூத்துவிடுவதால், கட்டடங்கள் நெருங்கிய செம்பூரிலும் தூங்குமூஞ்சி மரங்கள் கவிந்த மாட்டுங்காவிலும் ரோஜா வளர்க்க விரும்புவோருக்கு இவையே துணை.

மும்பையில் நிழல் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 19 பாகை வட அட்சரேகையில் உள்ள இந்நகரில், மே நடுவிலிருந்து ஜூலைக் கடைசி வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நின்று, டிசம்பரில் தெற்கே வெகுவாகச் சாய்வதால், ஜூனில் இருண்டிருக்கும் தெற்குப் பால்கனி குளிர்காலத்தில் நல்ல வெயில் பெறுகிறது. அக்டோபரில் கவாத்து செய்த, அதாவது கிளைகளை வெட்டிச் சீர்செய்த செடி, ஏறத்தாழ 45 நாளில் பூக்கத் தொடங்கிப் பிப்ரவரி வரை பூப்பதே இங்கு ரோஜாப் பருவம் என்பதால், வெயிலைக் கணக்கிட வேண்டியதும் அம்மாதங்களில்தான். வடக்கு நோக்கிய பால்கனியும், எதிரெதிர்ச் சுவர்கள் வானத்தை மறைக்கும் தாராவிச் சந்தின் தரையும் இக்கணக்கில் தேறுவதில்லை. அங்கே தொட்டியை மேல்தளத்துக்கு ஏற்ற வேண்டும்.

எனினும் இந்நகரின் நிழலில் ரோஜாவைக் கொல்வது, வெளிச்சக் குறைவைவிடக் காயாத ஈரமே. கரும்புள்ளி நோயை உண்டாக்கும் பூஞ்சையின் வித்து இலைக்குள் புக, இலை தொடர்ந்து 7 மணி நேரமாவது நனைந்திருக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழையில், காற்றோட்டமில்லாத மூலையிலுள்ள செடிக்கு அது அன்றாட நிலை. காலை வெயிலில் இரவின் ஈரம் விடிந்ததும் உலர்ந்துவிடுவதால், அதே அளவு மாலை வெயில் பெறும் மேற்கு மூலையைவிடக் கிழக்கு மூலை மேலானது. ஜெர்மனியில் 1958இல் வெளிவந்த ஐஸ்பெர்க் என்ற ரோஜா வகை, குறைந்த வெயிலைப் பொறுத்துக்கொண்டாலும் ஈரக்காற்றில் கரும்புள்ளிக்கு எளிதில் இரையாகிறது. கொடைக்கானலில் ரோஜா வளர்ப்பாளர் எம். எஸ். வீரராகவன், நீர் தேங்கும் கரைகளில் வளரும் இந்தியக் காட்டு ரோஜாவான கிளைனோஃபில்லாவைக் கலப்பினப் பெருக்கத்தில் பயன்படுத்தியது ஈரத்தைத் தாங்கும் ரோஜாக்கள் கிடைக்குமென மிகுந்த நம்பிக்கை தருகிறது.

மரத்தடி மண்ணில் மரவேர்கள் நீரையும் உரத்தையும் கவர்ந்துகொள்வதால் தொட்டியே நல்லது. நிழலில் தழைச்சத்து மிகுந்தால் தண்டு மெலிந்து நீள்கிறது. ஆகவே மண்புழு உரம் அளவோடு போதும். கவாத்திலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது, ஏனெனில் எஞ்சிய இலைகளே குறைந்த ஒளியில் செடிக்கு உணவாக்குகின்றன. செடி வாங்குமுன், டிசம்பரில் ஒரு நாள் அந்த இடத்தில் வெயில் விழும் நேரத்தைக் குறித்துப் பாருங்கள்.