கடைசி ஓகே யாருடையது?

நேவி ப்ளூவில் 400 கிலோ துணி கூடுதலாகச் சாயமேறி நின்ற அன்றுதான் இந்தத் தேடல் தொடங்கியது. திருப்பூர் அவிநாசி ரோட்டு ஆபீசுக்கும் வீரபாண்டிப் பக்கத்துச் சாயப்பட்டறைக்கும் நடுவே ஓடும் லாட் கணக்கு நிரலை எழுதியவன் நான். ஆர்டர் போய்ச் சேர்ந்திருக்கிறது. ‘கிடைத்தது’ என்ற பதில் வழியில் தொலைந்திருக்கிறது. பதிலைக் காணோமே என்று என் நிரல் இன்னொரு முறை அனுப்பிவிட்டது. பட்டறையில் இரண்டையும் நனைத்துவிட்டார்கள்.

"இனிமே ரெண்டு பக்கமும் உறுதி பண்ணிக்கிற மாதிரி எழுதிடறேனுங்க" என்றேன் டையிங் மாஸ்டரிடம்.

"நான் ஓகே சொன்னது உங்களுக்கு வந்துருச்சுன்னு எனக்கு எப்படிங்க தம்பி தெரியும்?"

"நான் திரும்ப ஓகே அனுப்புவேனுங்க."

"அது எனக்கு வந்துருச்சுன்னு உங்களுக்கு?"

வாயடைத்துப் போனேன். இந்தக் கேள்வியை உலகத்தில் முதலில் கேட்டது யார்?

தேடியதும் கையில் சிக்கியது லெஸ்லி லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் மூவரும் 1982இல் எழுதிய பைசாண்டியத் தளபதிகள் கட்டுரை. அதில் தளபதிகளுக்குள் துரோகிகள் இருப்பார்கள். ஒரு துரோகியைச் சமாளிக்கக் குறைந்தது நான்கு தளபதிகள் வேண்டும். என் கதையில் துரோகி கிடையாது, செல்போன் டவர்தான். இன்னும் பின்னால் போனேன். 1978இல் ஜிம் கிரே டேட்டாபேஸ் பற்றி எழுதிய குறிப்புகளில் இரண்டே தளபதிகள். சேர்ந்து தாக்கினால் வெற்றி, தனியே போனால் சாவு. தூதன் வழியில் பிடிபடலாம். இதுதான் ஊற்று என்று நினைத்தேன்.

இல்லை. மூன்று வருடம் முன்பே, 1975இல், அக்கோயுன்லு, ஏகநாதம், ஹூபர் என்று மூவர் எழுதிய கட்டுரை இருக்கிறது. தளபதிகளே இல்லை; கொள்ளைக் கூட்டம்! ஒரு கோஷ்டி ஊரின் மறுகோடியில் கிடங்கில் பதுங்கியிருக்கிறது. தலைவன் அனுப்பும் ஆளை வழியில் யாராவது அடித்துப் பிடுங்கிவிடலாம். அதனால் போனவன் திரும்பி வந்து சொல்ல வேண்டும். வந்து சேர்ந்தான் என்று மறுபடி போய்ச் சொல்ல வேண்டும். கொள்ளை நடக்கவே நடக்காது. ஏகநாதம் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு அசட்டுப் பெருமை. கோஷ்டிக்குத் தளபதி உடுப்பு மாட்டிவிட்டது கிரேதான்.

நிரூபணம் நான்கு வரிதான். கடைசித் தகவல் தொலையலாம் அல்லவா? தொலைந்தாலும் அனுப்பியவன் கிளம்பியாக வேண்டும் என்றால் அந்தத் தகவலே தேவையில்லை. வெட்டிவிடுங்கள். இப்போது அதற்கு முந்தையது கடைசி; அதையும் வெட்டுங்கள். முடிவில் ஒரு தகவலும் மிஞ்சாது. பேசாமலே உடன்படுவது எப்படி?

இடையில் உத்திரமேரூருக்கும் போனேன், புத்தகத்தில்தான். கூட்டு முடிவு என்றாலே நம் ஆட்கள் அங்கே இழுத்துப் போய்விடுகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சொல்லும் குடவோலையில் எல்லோரும் ஒரே சபையில் கூடியிருக்கிறார்கள். ஓலை வழியில் தொலைவதில்லை. சம்பந்தமில்லை என்று மூடினேன். மறுபடி கணினிப் பக்கம் வந்தால், ஃபிஷர், லிஞ்ச், பாட்டர்சன் மூவரும் 1985இல் இன்னொன்றை நிறுவியிருக்கிறார்கள்: தகவல் வந்து சேரக் காலக்கெடு இல்லாத இடத்தில் ஒரே ஒரு கணினி செத்துப்போகக் கூடும் என்றாலும், நிச்சயமாக உடன்பாட்டுக்கு வரும் முறை கிடையாது. எதிர்முனை செத்ததா, மெதுவாக இருக்கிறதா என்று தெரியாதே; கரண்ட் போன யூனிட்டுக்குப் போன் போட்டவர்களுக்கு இது புரியும். இதற்கு ஒரு சந்து 1983இலேயே மைக்கேல் பென்-ஓர் காட்டியிருந்தார். குழம்பும்போது ஒவ்வொருவரும் காசைச் சுண்டிப் பார்த்துக்கொள்ளலாம்; என்றாவது ஒரு சுற்றில் ஒத்துப்போகும். தற்செயலிடம் முடிவை ஒப்படைப்பது! குடத்தில் கைவிட்டு ஓலை எடுத்த பிள்ளை நினைவுக்கு வர, உத்திரமேரூரிடம் பாதி மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இத்தனையும் படித்துவிட்டு மாஸ்டரிடமே திரும்பினேன். அவர் டிசி கட்டை எடுத்துப் போட்டார். டெலிவரி சலான், திருப்பூருக்கு அது டிசி. பின்னலுக்கும் சாயத்துக்கும் பிரிண்டிங்குக்கும் தனித்தனி யூனிட் என்று துணி அலையும் ஊரில் அதுதான் ஜாதகம். "ஒரே நம்பர்ல ரெண்டு டிசி வந்தா ரெண்டாவதக் கிழிச்சுப் போட்ருவோமுங்க. உங்க கம்ப்யூட்டர் ரெண்டாந்தடவை புது நம்பர் போட்டுருச்சு."

அவ்வளவுதான் பிழை. நூறு தடவை அனுப்பினாலும் ஒரே நம்பர் என்று மாற்ற எனக்குப் பதினோரு வரி ஆனது. அந்த 400 கிலோ இன்னும் குடோனில்தான் கிடக்கிறது. நேவி ப்ளூ வேண்டுமென்றால் சொல்லுங்கள்.